பாதாளத்தில் பாய்ந்த வேர்

புதுவைக் கடற்கரையில் டூப்ளேயின் சிலை நிற்கிறது. ஊரைப் பிடித்தவர்களுக்கும், இழந்தவர்களுக்கும், மீண்டும் பெற்றவர்களுக்கும் அந்நகரில் சிலை உண்டு. தெருப் பெயர் உண்டு. வரலாற்று ஏடுகளில் இடம் உண்டு. 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கியதும், 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து மீண்டும் எழுப்பியதும் பள்ளிச் சிறுவனும் படிக்கின்ற செய்திகள். ஆனால் அந்நகரின் கழிவுநீர் எவ்வழிச் சென்றது, அவ்வழி அடைபட்டபோதெல்லாம் யார் இறங்கித் திறந்தார் என்ற வரலாற்றை எழுத முன்வந்தவர் மிகச் சிலர். எழுதத் தகாத பொருள் என்று ஒதுக்கினரா? நாற்றமடிக்கும் செய்தி என்று மூக்கைப் பொத்திக்கொண்டனரா? நாற்றத்தைக் கண்டு வரலாற்றாசிரியன் விலகலாம். அதில் இறங்கி நின்றவன் விலக முடிந்ததா?

அந்த எழுதப்படாத வரலாற்றின் சிறு துண்டு ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். மரத்தின் வேர், மண்ணுக்கடியில் செல்லும் கழிவுநீர்க் குழாய்க்குள் நுழைந்து அடைத்துவிடுகிறது. அதை நீக்குவது எப்படி? பொறியியல் மாணவன் அரைப் பக்கத்தில் விடை எழுதிவிடக்கூடிய கேள்வி. ஆனால் இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு விடை சொன்னது பொறியியலா, வருணாசிரமமா என்று ஆராயப் புகுந்தால், வேர் நீளுகின்ற தொலைவைவிட விடை நீளும்.

புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். ரோம நாட்டு மட்கலங்கள் கிடைத்தன. அதை உலகம் பெரிதாகப் பேசிற்று. செங்கற்களால் கட்டிய தொட்டிகளும், அவற்றோடு இணைந்த வடிகால்களுங்கூடக் கிடைத்தன. துணிக்குச் சாயமேற்றும் தொட்டிகளாக இருக்கலாம் என்று கருதினார் வீலர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், நீரைக் கொண்டுவரவும் தேக்கவும் வெளியேற்றவும் வாட்டம் கணக்கிட்டுக் கட்டத் தெரிந்த மக்கள் இம்மண்ணில் வாழ்ந்தனர் என்பதற்கு அந்த வடிகால் சான்று. சிந்துவெளி நகரங்களில் மூடிய செங்கல் வடிகால்கள் உண்டு. கீழடியில் சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. ஆகவே, "நமக்கு ஒன்றும் தெரியாது, வெள்ளைக்காரன் வந்துதான் கற்றுத்தந்தான்" என்ற பேச்சும் பொய். "எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது" என்ற பேச்சும் பொய். கட்டியவை கண்முன் கிடக்கின்றன. கட்டியவை உழைப்பாளியின் கைகள். மந்திரம் ஓதிய வாய்கள் அல்ல.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுவைக்கு வருவோம். நகரின் நடுவே வடக்கு தெற்காக ஓடுகிறது பெரிய வாய்க்கால். அதன் கிழக்கே கடலை நோக்கியது வெள்ளையர் நகர். மேற்கே இருந்தது கறுப்பர் நகர். செஞ்சி சாலையையும் ஆம்பூர் சாலையையும் பிரிக்கின்ற அந்த வாய்க்கால், மழைநீரையும் கழிவுநீரையும் மட்டும் சுமக்கவில்லை. மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்கும் கோடாகவும் கிடந்தது. வெள்ளையன் நிறத்தால் பிரித்தான். வாய்க்காலுக்கு மேற்கே இருந்தவர்களோ தமக்குள் சாதியால் ஆயிரம் வாய்க்கால் வெட்டிவைத்திருந்தனர். நிறத்தின் வாய்க்கால் ஒன்றுதான். சாதியின் வாய்க்கால்களுக்குக் கணக்கில்லை!

1863இல், மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில், பொறியாளர் லாமெரெஸ் முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல நீரைக் கொண்டுவந்தார். அதன் நினைவாக ஆயி மண்டபம் எழுந்தது. ஆயி என்பவள் ஒரு தாசி என்றும், அவள் வீட்டைக் கோயில் என்று எண்ணி வணங்கிய மன்னன் கிருஷ்ணதேவராயர், உண்மை தெரிந்ததும் அதை இடிக்க ஆணையிட்டார் என்றும், அவளே இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்றும் கதை சொல்வர். கதைதான். ஆயினும் கதையிலுங்கூட, கும்பிட்ட மன்னன் இடிக்கச் சொன்னான். இழிந்தவள் என்று ஒதுக்கப்பட்டவள் நீர் தந்தாள் என்பதைக் கவனியுங்கள். இன்று புதுவை அரசின் சின்னத்திலும் அந்த மண்டபம் இருக்கிறது. நல்லது, வாழ்க! ஆனால் நாம் கேட்பது வேறு. நீரைக் கொண்டுவந்ததற்கு மண்டபம் கட்டினீர்கள். ஊருக்குள் வந்த நீர், அழுக்காகி வெளியே போக வேண்டுமே, அதைக் கொண்டுபோனவனுக்கு என்ன கட்டினீர்கள்?

அதே காலத்தில் பாரிசு நகரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்ப்போம். பெல்கிராண்டு என்னும் பொறியாளர், ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய அளவுக்குப் பெரிய கழிவுநீர்ச் சுரங்கங்களை நகரின் அடியில் பரப்பிக்கொண்டிருந்தார். 1867 முதல் மக்கள் அவற்றைப் பார்வையிடச் சென்றனர். 1894இல் ஒரு சட்டம் வந்தது: பாரிசில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வீட்டுக் கழிவை நேரே நிலத்தடிச் சுரங்கத்தோடு இணைத்தாக வேண்டும். சுரங்கத்தைத் துப்புரவு செய்யும் தொழிலாளி அங்கேயும் உண்டு. அவனுடைய பணியும் கடினமானதே, உடலைக் கெடுப்பதே. ஆனால் அது அவன் செய்யும் தொழில்; அவன் பிறந்த பிறப்பு அன்று. அவன் மகன் ஆசிரியனாகலாம். ஆசிரியர் மகன் அந்த வேலைக்கு வரலாம்.

சமத்துவம், சுதந்திரம், சகோதரத்துவம் என்று பறைசாற்றிய அதே பிரான்சின் ஆட்சியில், புதுவையில் திறந்த சாக்கடைகளும் எடுப்புக் கக்கூசும்தான் மிஞ்சின. 1880இல் நகராட்சி மன்றங்கள் ஏற்படுத்தப்பட்டன. ஆனால் வாக்காளர்களை ஐரோப்பியர் என்றும் இந்தியர் என்றும் தனித்தனிப் பட்டியலில் நிறுத்தினர். பட்டியலில் இருந்தவர்கள் மன்றத்தில் அமர்ந்தனர். மலத்தைத் தலையில் சுமந்தவனுக்கு அந்த மன்றத்தில் குரல் ஏது? பாரிசில் சுரங்கம் செய்த வேலையைப் புதுவையில் சாதி செய்தது. செலவில்லாத சுரங்கம்! தோண்ட வேண்டியதில்லை, செங்கல் வேண்டியதில்லை. மனு தோண்டிவைத்த பள்ளம் ஒன்று முன்னரே இருந்தது. அந்நியன் அதைப் பயன்படுத்திக்கொண்டான். நம்மவர் அதைக் காட்டிக்கொடுத்தனர்.

1954 நவம்பர் 1இல் புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி இணைந்தது. அதன் பிறகே நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் நகரில் பரவின. இன்று லாசுப்பேட்டை, துப்ராயப்பேட்டை, கனகன் ஏரி ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. பொதுப்பணித் துறை இவற்றைப் பேணுகிறது. எடுப்புக் கக்கூசு ஒழிந்தது, தலைச்சுமை இறங்கியது. இனி விடிவு என்று நினைத்தோம். அப்போதுதான் வேர் வந்தது.

வேர் குழாய்க்குள் வருவது எப்படி என்பதை அறிவியல் தெளிவாகச் சொல்கிறது. 1846இல் லண்டனில் ஹென்றி டோல்டன் என்பவர் மெருகேற்றிய சுட்ட களிமண் குழாய்களைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். கழிவு அரிக்காத நல்ல குழாய். நம் நாட்டிலும் அவ்வகைக் குழாய்களே நெடுங்காலம் பதிக்கப்பட்டன. ஆனால் ஒரு குழாயின் நீளம் 60 சென்டிமீட்டர் அளவே. ஓர் ஆளிறங்கு குழிக்கும் அடுத்த குழிக்கும் 30 மீட்டர் தொலைவு என்றால், இடையே ஏறத்தாழ 50 இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் சணலும் சிமெண்டுச் சாந்தும் வைத்து அடைப்பர். மண் சற்றே இறங்கினால், மேலே கனமான வண்டி ஓடினால், சாந்து மயிரிழை அளவுக்கு விரிகிறது. அதன் வழியே ஈரம் கசிகிறது. சுற்றியுள்ள மண் நனைகிறது.

மரத்துக்குக் கண் இல்லை, மூக்கும் இல்லை. குழாயைத் தேடி அது வருவதில்லை. ஈரமும் உயிர்வளியும் ஊட்டமும் இருக்கின்ற பக்கத்தில் வேரின் நுனி வளர்கிறது, அவ்வளவே. மயிரிழை விரிசலில் மயிரிழை வேர் நுழைகிறது. உள்ளே நீர் உண்டு, காற்று உண்டு, உரம் உண்டு. வேர் சடைசடையாகப் பெருகுகிறது. பருத்து, விரிசலை நெம்பிப் பெரிதாக்குகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் தாளும் துணியும் அந்தச் சடையில் சிக்குகின்றன. கழிவுநீர்க் குழாயில் அழுக்கு படியாமல் ஓட வேண்டுமானால் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும் என்பது பொறியாளர் கணக்கு. புதுவையோ கடலோரத்துச் சமநிலம், வாட்டம் குறைவு. வேர்ச்சடை ஒன்று குறுக்கே நின்றால் போதும், ஓட்டம் தேக்கமாகிறது. தேங்கிய கழிவில் உயிர்வளி தீர்ந்துபோகிறது. கந்தகச் சேர்மங்களைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்றை உண்டாக்குகின்றன. சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டையின் நாற்றம். செறிவு மிகுந்தால் முகரும் ஆற்றலையே அது செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குகிறவன் மீள்வதில்லை. இதில் விதி எங்கே இருக்கிறது? முன்வினை எங்கே இருக்கிறது? விரிசல், ஈரம், வேர், தேக்கம், நச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காரணமும் விளைவும் அல்லவா இருக்கின்றன!

"அப்படியானால் மரத்தை வெட்டிவிடலாமே" என்பார் சிலர். அது அறிவுடைமை ஆகாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுவையிலும் கடலூரிலும் மரங்களை அடியோடு சாய்த்தபோது, நிழலற்ற நகரம் எப்படிக் காய்கிறது என்பதை மக்கள் கண்டனர். மரம் குற்றவாளி அன்று. எந்த மரத்தை எங்கே நடுவது என்று எண்ணாத நாமே குற்றவாளிகள். ஆலும் அரசும் நீர் தேடி நெடுந்தொலைவு வேரோட்டும் இனங்கள். பறவையின் எச்சத்தில் விழுந்த அரச விதை, சுவரிலும் சாக்கடைக் குழியின் விளிம்பிலும் முளைக்கும். முளைத்த அன்று இரு விரலால் கிள்ளி எறியலாம். ஆனால் அரசமரமாயிற்றே! பிள்ளை வரம் தரும் மரமாயிற்றே! தொட்டால் பாவமாயிற்றே! மஞ்சள் கயிறு கட்டுகிறார்கள். அடியில் ஒரு கல்லை நடுகிறார்கள். சில ஆண்டுகளில் அது கோயிலாகிறது. கீழே குழாய் நொறுங்குகிறது. பிறகு அடைப்பெடுக்க ஒருவனைக் கூப்பிடுகிறார்கள்.

இங்கேதான், தோழர்களே, நாம் நின்று நோக்க வேண்டும். செடியைக் கிள்ள அஞ்சிய கை, மனிதனைக் குழிக்குள் இறக்க அஞ்சவில்லை. மரத்தில் தெய்வம் குடியிருப்பதாகக் கண்ட கண்ணுக்கு, மனிதனில் மனிதன் குடியிருப்பது தெரியவில்லை!

உலகம் இந்த வேரை எப்படி எதிர்கொண்டது? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சாமுவேல் பிளாங்கு என்பவர், 1930களின் தொடக்கத்தில், சலவை இயந்திரத்தின் மோட்டாரை எடுத்து, நீண்ட எஃகு வடத்தின் முனையில் சுழலும் கத்தியைப் பொருத்தினார். மேலே நின்றபடியே வடத்தைக் குழாய்க்குள் செலுத்த, கத்தி சுழன்று வேரை அறுத்தது. மேதையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று அது. அடைபட்ட குழாயைக் கண்டு ஒரு சாதாரண மனிதன் சிந்தித்ததன் விளைவு. பின்னர் உயரழுத்த நீர்ப்பாய்ச்சு வண்டிகள் வந்தன. 1970களில் கலிபோர்னியாவில், குழாய்க்குள் நுரையாகச் செலுத்தி வேரை மட்டும் கருக்கும் மருந்துமுறை ஆராயப்பட்டது. 1971இல் லண்டனில் எரிக் வுட் என்னும் பொறியாளர், தெருவைத் தோண்டாமலே, பிசின் தோய்ந்த துணிக் குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி இறுகச்செய்து, குழாய்க்குள் இணைப்பற்ற புதுக் குழாயை உருவாக்கினார். ரப்பர் வளைய இணைப்புகள் வந்தன. நீண்ட பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன. குழாய்க்குள் சென்று படம்பிடித்துக் காட்டும் கருவிகளும் வந்தன.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. கத்தியால் வேரை அறுத்தால் வழி திறக்கும். ஆனால் அறுபட்ட வேர் முன்னினும் கிளைத்து வரும். விரிசல் இருக்கிறவரை வேர் வரும். ஆகவே அறுப்பது பாதி வேலை. இணைப்பை அடைப்பதே முழு வேலை.

நம் நாட்டில்? பிளாங்கு தம் இயந்திரத்தைச் செய்துகொண்டிருந்த அந்த நாளில், இங்கே 'குடி அரசு' ஏடு தோன்றிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரியார் பிறவி இழிவை எதிர்த்து ஊர் ஊராக முழங்கிக்கொண்டிருந்தார். அந்த முழக்கத்தின் பொருளை நகராட்சிகள் உணரவில்லை. மூங்கில் பிளாச்சு, கடப்பாறை, வாளி, கயிறு. இவற்றோடு ஒரு மனிதன். இதுவே நம் வேரறுப்புப் பொறி. இயந்திரத்துக்கு எண்ணெய் போட வேண்டும், அவனுக்கு வேண்டியதில்லை. இயந்திரம் பழுதானால் பணம் நட்டம். அவன் பழுதானால் அடுத்தவன் வருவான். இவ்வளவு மலிவாக ஒரு பொறி கிடைக்கும்போது, எவன் புதுப் பொறியைத் தேடுவான்? அறிவியல் இந்நாட்டுச் சாக்கடைக்குத் தாமதமாக வந்ததன் காரணம் வறுமை மட்டும் அன்று. சாதி அதன் இடத்தில் முன்னரே வேலைக்கு அமர்ந்திருந்தது.

பாதாளச் சாக்கடை என்கிறோம். அந்தச் சொல்லையே பாருங்கள். வாரி வழங்கிய மாவலியைத் தலையில் மிதித்துப் பாதாளத்தில் அழுத்தியதாகப் புராணம் பாடி மகிழ்கிறது. அது கட்டுக்கதை. ஆனால் நகராட்சியின் பாதாளம் கட்டுக்கதை அன்று. அங்கே மிதித்து இறக்கப்பட்டவனுக்கு மாவலிக்கு உள்ளதுபோல் ஆண்டுக்கொரு நாள் வரவேற்புங்கூட இல்லை.

சட்டங்கள் வந்தன. 1993இல் ஒன்று, எடுப்புக் கக்கூசையும் மலம் அள்ளும் தொழிலையும் தடை செய்தது. 2013இல் மற்றொன்று, பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழிக்குள் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. 2014இல் உச்சநீதிமன்றம், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்றது. 2023இல் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இருந்தும் 2019 முதல் 2023 வரை கழிவுநீர்க் குழிகளிலும் தொட்டிகளிலும் இறங்கி 377 பேர் மாண்டனர் என்று நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்னது. 2024இல் நாடெங்கும் சுமார் 38,000 சாக்கடைத் தொழிலாளரைக் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் வகுப்பினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 விழுக்காடு. "சாதி எங்கே இருக்கிறது இப்போது?" என்று கேட்கும் மேதாவிகளே, சாக்கடை மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே நிற்கிறது.

சட்டம் கத்தி, அறுத்தது. விரிசலை அடைத்தார்களா? இல்லை. அந்த விரிசலுக்கு இன்றையப் பெயர் ஒப்பந்தம். துறை ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் கங்காணியைக் காட்டுவார். கங்காணி, "அவனாகத்தான் இறங்கினான்" என்பான். இறந்தவன் எதையும் காட்ட முடியாது. அந்த மயிரிழை இடைவெளியில் பழைய வேர் மீண்டும் நுழைகிறது.

சாக்கடையின் நஞ்சு இறங்குகிறவனோடு நின்றுவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். 2024 ஜூன் 11 அன்று, புதுவை ரெட்டியார்பாளையம் புதுநகரில், கழிவுநீர்க் குழாயின் நச்சுக்காற்று கழிப்பறை வழியே வீடுகளுக்குள் ஏறியது. மூவர் மாண்டனர். மூவரும் பெண்கள், ஒருத்தி 15 வயதுச் சிறுமி. அது வேரால் நேர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பூமிக்கடியில் நடப்பது நமக்கு எதற்கு என்று மேலே இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டால், கீழே இருப்பது மேலே வரும் என்பதை அந்த நாள் காட்டியது. கழிப்பறையின் அடியில் நீர் தேங்கி நின்று காற்றைத் தடுக்கும் வளைகுழாயை அலெக்சாண்டர் கம்மிங் 1775இலேயே பதிவு செய்தார். இருநூற்றைம்பது ஆண்டுப் பழைய அறிவு! அது ஒவ்வொரு வீட்டிலும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு யாகமா வேண்டும்?

வழி இல்லாமல் இல்லை. அண்டை மாநிலமான கேரளத்தில் இளம் பொறியாளர்கள் சிலர் சாக்கடைக் குழியில் இறங்கி வேலை செய்யும் எந்திரனை உருவாக்கினர். 2018இல் திருவனந்தபுரத்தில் அது பணியில் இறங்கியது. குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே அதை மேலிருந்து இயக்கும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. நேற்று இறங்கியவன் இன்று இயக்குகிறான். இதுவல்லவா சமுதாயப் புரட்சி!

புதுவை, பாவேந்தரைப் பெற்ற மண். அங்குள்ள பகுத்தறிவு இளைஞர்கள் மேடையில் முழங்கினால் மட்டும் போதாது. வாய்க்காலுக்கு இருபுறமும் நடந்து கணக்கெடுக்கட்டும். எந்தத் தெருவில் எந்தக் குழாய், எந்த ஆண்டில் பதித்தது, அதன்மேல் நிற்பது எந்த மரம் என்று வரைபடம் கேட்கட்டும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அடைப்பு வந்தால், ஆளை அனுப்பாதே, படக்கருவியை அனுப்பு என்று வலியுறுத்தட்டும். வேரை அறுத்த இடத்தில் இணைப்பை அடைத்தாயா என்று துறையைக் கேட்கட்டும். ஆலையும் அரசையும் குழாய்ப் பாதையிலிருந்து விலக்கி, பூங்காவிலும் ஏரிக்கரையிலும் நடட்டும். குழியின் விளிம்பில் முளைத்த அரசங்கன்றைக் கண்டால், பாவத்துக்கு அஞ்சாமல் கிள்ளி எறியட்டும். இறங்கி வந்தவனே இயந்திரத்தை இயக்குபவனாகவும், அவன் நிரந்தர ஊதியமும் ஓய்வூதியமும் பெறுபவனாகவும் ஆகும்வரை ஓயாதிருக்கட்டும். அவன் பிள்ளை அந்த வேலைக்கே வர வேண்டும் என்ற கட்டாயம் தீரும்வரை ஓயாதிருக்கட்டும்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அரிக்கமேட்டில் வாட்டம் பார்த்து வடிகால் கட்டிய கைகளின் வழிவந்தவர்கள் நாம். குழாயில் நுழைந்த வேரை அறுக்க நம்மிடம் கருவி இருக்கிறது. குழாய்க்குள் மனிதனை அனுப்பச் சொல்லும் அந்த மற்றொரு வேர், மண்ணில் இல்லை. நம் மனத்தில் இருக்கிறது. அதை அறுத்தால் மட்டும் போதாது, தோழர்களே. அது நுழைந்த விரிசலையும் அடைத்தாக வேண்டும்!